மீட்டர்காரர் வண்டியின் ஹெட்

என் சித்தப்பா பழைய மோட்டார் சைக்கிள்களின் வெடித்த சிலிண்டர் ஹெட்டுகளைச் சரிசெய்பவர். ஹெட் என்பது இன்ஜினின் மேல்மூடி. பெட்ரோல் எரிவது அதற்கு அடியில்தான் என்பதால் வண்டியிலேயே அதிகம் சூடாகிற இடம் அது. அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் அதை வார்ப்பிரும்பில் செய்திருப்பார்கள். வார்ப்பிரும்புக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது, வெடிக்கத்தான் தெரியும். அந்த வண்டிகளைச் செய்த கம்பெனிகளில் பாதி இன்று இல்லை. அதனால் ஹெட் வெடித்தவர்கள் அதைத் துண்டில் சுற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிவருவது போல எங்கள் வீட்டுக்குத் தூக்கிவருவார்கள்.

வீட்டின் கீழ்த்தளத்தில் முன்பக்கம் பட்டறை. பின்பக்கம் சித்தப்பாவும் சித்தியும் இருக்கிறார்கள், மாடியில் நாங்கள். ஆகவே இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி இருவரும் தனித்தனியாக வந்து என்னிடம் சொன்னது.

சித்தப்பா யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. "வெச்சுட்டுப் போங்க, பாக்கலாம்" என்பார். ஆனால் வைத்துவிட்டுப் போவதற்குள் ஒரு திட்டு வாங்காமல் யாரும் போனதும் இல்லை.

"நின்ன இடத்துல ஓட விட்டீங்களா?"

"கொஞ்ச நேரம்தான் அண்ணே."

"இது காத்துல ஆறுற இன்ஜின். வண்டி ஓடினாதான் காத்து படும், காத்து பட்டாதான் சூடு இறங்கும். ஸ்டாண்டு போட்டு ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு நீங்க பேப்பர் படிக்கப் போனா அது என்ன பண்ணும்? நெத்தி வெடிச்சுத்தான் சாகும்."

பெரிய ஆபீசர்கள்கூடத் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்கள்.

சித்தியின் அப்பாவை எல்லோரும் மீட்டர்காரர் என்பார்கள். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறிக்கிற வேலை அவருக்கு. முப்பத்தோரு வருடம் ஒரே வண்டியில் போனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எதையும் யாரையும் அளந்து பார்க்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. சித்தி தான் கட்டிக்கொள்ள நினைப்பவர் இவர் என்று சித்தப்பாவைக் காட்டியபோது, "வெல்டிங் அடிக்கிறவனுக்கு நாப்பது வயசுல கண்ணு போயிடும். கபோதிக்கா பொண்ணு குடுப்பேன்?" என்று கேட்டாராம். சித்தி அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு பதினோரு வருடம் இந்தத் தெருப் பக்கம் வரவில்லை.

கடைசியில் கண் போனது அவருக்குத்தான். புரை வந்து ஆபரேஷன் செய்தார்கள். ஆறு வாரம் வண்டி ஓட்டக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். அவர் வீட்டில் வண்டியைப் பூட்டி வைக்க இடமில்லை, ஓட்டாமல் ஆறு வாரம் வெளியே விடவும் மனமில்லை. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"திங்கக்கிழமை திங்கக்கிழமை ஸ்டார்ட் பண்ணு" என்றார் சித்தப்பாவிடம். பதினோரு வருடத்தில் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. "ஸ்டார்ட் ஆனதும் எடுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வா. நிக்க வெச்சு ஓட விடாத. உனக்கே தெரியும்."

"தெரியும், மாமா."

உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். சித்தி அந்த டம்ளரை இரண்டு நாள் கழுவவில்லை. சித்தப்பா மாடிக்கு வந்து என் அம்மாவிடம், "உனக்கே தெரியும்னார், அண்ணி" என்று ஐந்து தடவையாவது சொல்லியிருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீட்டர்காரர் சாப்பிட வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மூன்றாவது ஞாயிறு, குழம்பில் உப்பு கம்மி என்று குறை சொன்னார். குறை சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாரே என்று சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான்காவது திங்கட்கிழமை காலை சித்தப்பா பின்முற்றத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்தார். வண்டி ஸ்டாண்டில் நின்றது. கையுறையை எடுக்கப் பட்டறைக்குள் வந்தவரை ஒரு வாடிக்கையாளர் பிடித்துக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து ஒரு ஹெட் வெளியே வந்தது. அதில் பிளக் ஓட்டையிலிருந்து கிளம்பிய விரிசல் ஒன்று, சித்தப்பா அதுவரை பார்த்திராத வழியில் வளைந்து போயிருந்தது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினார். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் தூளை நனைத்து, ரோமம் போலக் கோடு காட்டும். அந்தக் கோடு எங்கே முடிகிறது என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தார். இடையில், "நின்ன இடத்துல ஓட விட்டீங்களா?" என்று வந்தவரைத் திட்டவும் செய்தார். பின்னால் மாமனார் வண்டி ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையில் கிரைண்டர் சத்தத்திலேயே வாழ்கிறவருக்கு இன்ஜின் சத்தம் காதில் ஏறவில்லை.

சித்தி ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறாள். அன்றைக்கு அரை நாள்தான். பின்வாசல் வழியாக வந்தவள் பெயிண்ட் கருகும் வாடையைப் பிடித்தாள். சைலன்சர் பைப் சிவந்திருந்தது, ஹெட்டிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி நிறுத்தினாள். அப்படியும் புகை அடங்காததைப் பார்த்து, தொட்டியடியில் நிரம்பியிருந்த வாளியைத் தூக்கி அப்படியே இன்ஜின் மேல் ஊற்றினாள்.

சீறல் சத்தம் கேட்டுச் சித்தப்பா ஓடிவந்தபோது முற்றம் முழுக்க ஆவி. அந்தச் சீறலுக்கு நடுவே 'டிங்' என்று மெல்லிய சத்தம் ஒன்று அவருக்குக் கேட்டிருக்கிறது. கரண்டியால் டம்ளரைத் தட்டியது போல இருந்ததாம்.

"நல்ல வேளை, நான் வந்தேன்" என்றாள் சித்தி. அவளுக்கு மூச்சு வாங்கியது. "தீப்பிடிக்கவே பாத்துச்சு. அப்பா வண்டி சாம்பலாகியிருக்கும்."

சித்தப்பா வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஆமா, நல்ல வேளை" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டார். ஓட விட்டது அவர் தப்பு, ஆனால் ஹெட்டை வெடிக்க வைத்தது தண்ணீர். அதைச் சொன்னால் சித்தி உடைந்துபோவாள் என்று பயந்தார். சொல்லாமல் சரிசெய்துவிட்டால் அவளுக்கும் தெரியவேண்டாம், மாமனாருக்கும் தெரியவேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே நடக்கும். ஊருக்கெல்லாம் ஒட்டுகிறவருக்கு இதை ஒட்ட முடியாதா என்ன?

சித்தியோ அக்கம்பக்கத்தில், கிளினிக்கில், எங்கள் மாடியில் என்று எல்லா இடத்திலும் வாளிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஹெட்டைக் கழற்றினார். சித்தி கேட்டதற்குக் கரி படிந்திருக்கிறது, சுத்தம் செய்கிறேன் என்றார். சாக்பீஸ் தூளில் கோடு தெளிவாக விழுந்தது. புகை வெளியேறும் வால்வின் ஓரத்திலிருந்து பிளக் ஓட்டை வரைக்கும், சுண்டுவிரல் நீளம். ஹெட்டிலேயே மோசமான இடம் அது.

அன்றைக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் மிச்சமான வெல்டிங் ராடுத் துண்டுகளை எடுக்க வந்தார். ஹெட்டைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இது மீட்டர்காரர் வண்டியுது இல்ல?"

"மெதுவாப் பேசுய்யா."

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவியே. உன் ஹெட்டு வெடிச்சா யார்கிட்டய்யா திட்டு வாங்குவ?"

"வந்த வேலையப் பாரு."

"என்கிட்ட இதே வண்டி ஹெட்டு ஒண்ணு கிடக்கு. காத்துப் பட்டை ஒண்ணு ஜாஸ்தி இருக்கும், அவ்வளவுதான். மாட்டி விட்டுடு. யார் எண்ணப் போறா?" ஹெட்டைச் சுற்றிச் சூடு இறங்குவதற்காக வரிசையாக நிற்கிற தகடுகளைத்தான் பட்டை என்றார்.

"அவர் எண்ணுவார்" என்றார் சித்தப்பா.

புதன்கிழமை நண்பகல் வெல்டு வைத்தார். இந்த வேலையில் அவசரம் ஆகாது. விரிசலின் இரண்டு முனையிலும் ஊசித்துளை போட்டு அது மேலே ஓடாமல் தடுக்க வேண்டும். கிரைண்டரில் வாய்க்கால் போல வெட்ட வேண்டும். ஹெட் முழுவதையும் கரி அடுப்பில் மெல்ல மெல்லச் சூடேற்றி, மங்கிய சிவப்பு வந்ததும் நிக்கல் ராடால் ஒரு நகத்தளவு வெல்டு, உடனே சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டு, திரும்ப ஒரு நகத்தளவு. எல்லாம் முடிந்ததும் காய்ந்த சாம்பல் நிரப்பிய டிரம்மில் புதைத்துவிட வேண்டும். ஒரு முழு நாள் தொடக் கூடாது. உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி ஆறினால் பிழைக்கும். வெளிப்புறம் முந்திக்கொண்டு ஆறினால் மறுபடி டிங். "பிரசவ அறை மாதிரி. வெளிய உக்காந்து சத்தத்தக் கேக்குறது மட்டும்தான் நம்ம வேலை" என்பார்.

அன்று மாலை மீட்டர்காரர் போன் செய்தார். டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு இப்போதே வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டாராம். நாளைக் காலை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

நண்பகலில் புதைத்த ஹெட் மறுநாள் நண்பகல் வரை சாம்பலில் இருக்க வேண்டும். அவர் வருவதோ பத்து மணிக்கு. மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். சித்தப்பா கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தார். வேறொருவர் இப்படி அவசரப்படுத்தியிருந்தால் ஹெட்டைத் துண்டோடு திருப்பிக் கொடுத்திருப்பார். வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவரே டிரம்மில் கையை விட்டார். கையுறையைத் தாண்டிச் சூடு தெரிந்தது. தெரிந்தும் எடுத்து மேஜை மேல் வைத்தார்.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. டிங்.

நான் அப்போது மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். கேட்டு முடித்த சத்தத்துக்கு எதற்குக் காதைப் பொத்துகிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மீட்டர்காரர் வந்தார். சட்டையை மடித்துவிட்டு, ஓட்டிக்கொண்டு போகத் தயாராக இருந்தார். சித்தி கிளினிக்குக்கு லீவு சொல்லியிருந்தாள்.

"உக்காருங்கப்பா. ஒரு விஷயம் சொல்றேன், பயப்படாதீங்க. உங்க வண்டிய நான்தான் காப்பாத்தினேன்."

சித்தப்பா, "நீ இரு, நான் சொல்றேன்" என்று முன்னே வந்தார்.

"நீங்க சொன்னா பாதிதான் சொல்வீங்க" என்று அவரை விலக்கிவிட்டுச் சித்தி கதையை ஆரம்பித்தாள். சிவந்த பைப், புகை, வாளி. மீட்டர்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எவ்வளவு தண்ணி?"

"முழு வாளிப்பா" என்றாள் சித்தி பெருமையாக.

அவர் மருமகனைப் பார்த்தார்.

"ஓட விட்டுட்டுப் போனது நான், மாமா. தப்பு மொத்தமும் என்மேலதான்."

"அத நான் கேக்கல. ஹெட்டு எங்க?"

சித்தப்பா இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தார். மீட்டர்காரர் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரல் நகத்தால் வருடினார். நகம் ஒரு இடத்தில் தட்டியது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் வேறொரு இடத்திலும் தட்டியது.

"ரெண்டு இருக்கு."

"ஒண்ணு திங்கக்கிழமை வந்தது. இன்னொண்ணு இன்னைக்குக் காலையில."

"என்ன ரெண்டு?" என்றாள் சித்தி. அவள் அப்பா ஹெட்டை மறுபடி வெளிச்சத்தில் திருப்பினார். "என்னன்னு கேக்குறேன்ல?"

"காஞ்ச இரும்புல தண்ணிய ஊத்தினா வெடிக்கும்மா" என்றார் மீட்டர்காரர். "மீட்டர் பாக்குறவனுக்கே தெரியும். உன் புருஷன் சொல்லலையா?"

சித்தி அப்பாவைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைத்தான் பார்த்தாள்.

"நல்ல வேளைன்னீங்க."

"நீ வருத்தப்படுவியேன்னுதான்..."

"நாலு நாளா ஒவ்வொரு வீடா ஏறிச் சொல்லிட்டு வந்தேன். நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க. பைத்தியக்காரி பேசுறா, பேசட்டும்னு விட்டுட்டீங்க, இல்ல?"

மீட்டர்காரர் எழுந்தார். ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஓடுற அன்னைக்குச் சொல்லு. வர்றேன்."

"ஞாயித்துக்கிழமை வருவீங்கல்லப்பா?" என்றாள் சித்தி.

"ஓடட்டும் மொதல்ல" என்று செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள், சித்தி சித்தப்பாவிடம் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் 'நல்ல வேளை' என்றே ஆரம்பித்தது. "நல்ல வேளை, சாப்பாடு இருக்கு. சாப்பிடுங்க." "நல்ல வேளை, சட்டை காஞ்சிருக்கு. போட்டுக்கோங்க." கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சித்தப்பா சிரிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை என்றுதான் சொல்லவேண்டும், தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சித்தி மூன்று பேருக்குச் சமைத்தாள். மணி இரண்டான பிறகு ஒரு பங்கை மூடி மாடிக்குக் கொடுத்தனுப்பினாள்.

திங்கட்கிழமை அவள் லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்குள் வந்து நின்றாள்.

"இனிமே எனக்குத் தெரியாம எதுவும் பண்ணாதீங்க. என் கண்ணு முன்னால பண்ணுங்க."

சித்தப்பா பழைய வெல்டு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். சித்தி அடுப்புக்கு விசிறினாள். டிரம்மில் புதைத்த பிறகு அதன் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்தால் வெடித்துவிடும் என்பது போல. ஐந்தாவது மணி நேரத்தில், சாம்பலுக்குள்ளிருந்து டிங் என்று கேட்டது. யாரும் அதைத் தொடவில்லை. யாரும் எந்த அவசரமும் படவில்லை.

"இப்ப என்ன தப்பு பண்ணோம்?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் ஏன்?"

அவருக்கும் தெரியவில்லை. புதன்கிழமை காலையிலேயே மூன்றாவது தடவை வைத்தார். இந்த முறை டிரம் வரைக்கும்கூடப் போகவில்லை. அடுப்பின் மேல் இருக்கும்போதே, கடைசி நகத்தளவு வெல்டு வைக்கையில், பக்கத்தில் புதிதாக ஒரு கோடு ஓடியது. ஹெட் ஆறிய பிறகு அந்த இடத்தில் அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். இரும்பு உதிரவில்லை. கண்ணாடியில் இழுப்பது போல அரம் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பத் திரும்பச் சூடு வாங்கிய இரும்பு அப்படி இறுகிவிடும். அதன்மேல் இனி எது வைத்தாலும் அதன் ஓரத்தில் வெடித்துக்கொண்டே இருக்கும்.

அவர் அரத்தைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு நாலாவது தடவை பாக்கலாமா?" என்றாள் சித்தி. அந்தக் குரலில் நல்ல வேளையெல்லாம் இல்லை.

"முடியாது."

பட்டறையில் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சித்திக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மேஜை மேலிருந்த போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவர்கிட்டச் சொல்லுங்க."

"நீ பேசேன்."

"வாளிக் கதைய நான் சொல்லிட்டேன். இது உங்க கதை."

நம்பரைப் போட்டுக் காதில் வைத்தார். எடுத்துவிட்டார்கள் என்பது அவர் நிமிர்ந்து நின்றதிலேயே தெரிந்தது.

"மாமா, நான்தான். ஹெட்டு முடியல, மாமா. இல்ல, நாள் கேக்கல. என்னால முடியாது. அந்த ஹெட்டு இனிமே பிழைக்காது." கேட்டுக்கொண்டிருந்தார். "மூணு தடவை." மறுபடி கேட்டார். "இல்ல, மூணாவது தடவை அவசரப்படல. ரெண்டாவது தடவையும் அவசரப்படல. மொதத் தடவைதான். அதுலயே கெட்டுப்போச்சு. அது தண்ணியால இல்ல, மாமா. தண்ணியில வந்தத ஒட்டியிருப்பேன். நான் சீக்கிரம் எடுத்ததுலதான் போச்சு."

சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, மாமா" என்று சொல்லிப் போனை வைத்தார்.

"என்ன சொன்னாரு?"

"வேற ஹெட்டு பாருன்னாரு."

"வர்றேன்னு சொன்னாரா?"

"சொல்லல."

"வரமாட்டேன்னு சொன்னாரா?"

"அதுவும் சொல்லல. வெச்சுட்டாரு."

சித்தி அடுப்பில் மிச்சமிருந்த கரியைச் சாம்பலால் மூடினாள்.

"அந்த இரும்புக் கடைக்காரர்கிட்ட இருக்குன்னீங்களே."

"நேத்து கேட்டேன். போன வாரமே யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்களாம்."

"யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"அப்ப கிளம்புங்க" என்று ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்தாள் சித்தி. மணி நாலரைதான் ஆகியிருந்தது. துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். சித்தப்பா அவரைப் பார்த்தார். "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தியின் பின்னால் தெருவில் இறங்கினார்.